மீட்டிங் நேரம் தவறினால்: எவ்வளவு தவறியது என்று முதலில் பாருங்கள்

வெளிநாட்டுக்காரர்களோடு வைத்த மீட்டிங் கால் ஒன்று தவறிப்போனால் உடனே கேலண்டர் செட்டிங்ஸைக் குடைய ஆரம்பிக்காதீர்கள். எவ்வளவு நேரம் தவறியது என்று பாருங்கள். ஒரு மணி நேரமா, அரை மணியா, ஐந்தரை மணியா, முழுசாக ஒரு நாளா? பெரும்பாலும் அந்த அளவே காரணத்தைச் சொல்லிவிடும்.

கீழே வருவதெல்லாம் சென்னையிலிருந்து போடுகிற கணக்கு. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இது அப்படியே பொருந்தும். இலங்கை 1996இல் கடிகாரத்தை மாற்றிப் பத்து வருஷம் தனியாக ஓட்டிவிட்டு, 2006 ஏப்ரலில் மறுபடி இந்திய நேரத்துக்கே வந்துவிட்டது.

சரியாக ஒரு மணி நேரம் தவறுகிறது

அதிகம் வருகிற கோளாறு இதுதான். மார்ச், ஏப்ரல், அக்டோபர், நவம்பர் மாதங்களில் வந்தால் யோசிக்கவே வேண்டாம், யாரோ ஒருவருடைய ஊரில் கடிகாரத்தைத் தள்ளியிருக்கிறார்கள்.

நம் ஊரில் இந்தப் பழக்கம் இல்லாததால் பலருக்கு இது பாதிதான் தெரியும். ‘அமெரிக்காவில் சம்மரில் ஒரு மணி நேரம் மாறும்’ என்பது வரை தெரியும். ஆனால் எல்லா நாடும் ஒரே நாளில் மாறுவதில்லை, சிக்கலே அங்கேதான். அமெரிக்காவும் கனடாவின் பெரும்பகுதியும் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு திருப்பி வைக்கின்றன. பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் மார்ச் கடைசி ஞாயிறு தள்ளி, அக்டோபர் கடைசி ஞாயிறு திருப்புகின்றன. ஆக ஒவ்வொரு மார்ச்சிலும் இரண்டு அல்லது மூன்று வாரம், அக்டோபர் முடிகிற இடத்தில் ஒரு வாரம், நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையே வழக்கமான ஐந்து மணி நேர வித்தியாசம் நான்காகக் குறைந்துவிடும். 2026இல் அந்த வாரங்கள் மார்ச் 8 முதல் 29 வரை, அப்புறம் அக்டோபர் 25 முதல் நவம்பர் 1 வரை.

ஒரு வாராந்திர மீட்டிங்கை வைத்துப் பார்ப்போம். நியூயார்க்கில் காலை 9 மணி. ஜனவரியில் அது லண்டனில் மதியம் 2, சென்னையில் இரவு 7:30. மார்ச் 8 தாண்டியதும் சென்னையில் மாலை 6:30 ஆகிவிடும். லண்டனில் மதியம் 1 ஆகும், சாப்பாட்டு நேரத்தில் போய் விழும். மார்ச் 29க்குப் பிறகு லண்டனில் மறுபடி 2 மணி, சென்னையில் அதே 6:30. கேலண்டர் இதையெல்லாம் சரியாகவே காட்டும். கேலண்டரைப் பார்க்காமல் ‘நம்ம கால் ரெண்டு மணிக்குத்தானே’ என்று மனப்பாடமாக வருகிறவர்தான் மாட்டிக்கொள்வார்.

சரி, கேலண்டரிலேயே எல்லோருக்கும் மாறாமல் இருக்கவேண்டிய மீட்டிங் சிலருக்கு நகர்கிறது என்றால்? நிகழ்வைத் திறந்து எடிட் போடுங்கள். நேரத்துக்குப் பக்கத்தில் டைம் சோன் என்று இருக்கும். தொடர் மீட்டிங் எந்த ஊரின் நேரத்தில் போடப்பட்டதோ, அந்த ஊருக்கு அது வருஷம் முழுக்க நகராது, மற்ற ஊர்களுக்கு நகரும். சென்னையில் ஒருவர் 6:30க்குப் போட்டுவிட்டால் நியூயார்க்காருக்கு அது கோடையில் காலை 9, குளிர்காலத்தில் காலை 8. குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகிறவருக்கு அந்த எட்டு மணி உதவாது. நியூயார்க்கில் போட்டால் நமக்கு 6:30, 7:30 என்று ஆடும். கேப் டிராப் நேரம் அதற்கேற்ப மாறவேண்டும், இதை யாரும் முன்கூட்டியே நினைத்துப் பார்ப்பதில்லை.

எனவே ஒவ்வொரு தொடர் மீட்டிங்குக்கும் ஒரு சொந்த ஊர் இருக்கவேண்டும். அது எந்த ஊர் என்று குழு வெளிப்படையாகப் பேசி முடிவு செய்யவேண்டும், யார் முதலில் இன்வைட் அனுப்பினாரோ அவர் ஊர் என்று தற்செயலாக அமையக்கூடாது. கடிகாரம் மாறுகிற ஊரைச் சொந்த ஊராக வைப்பது நல்லது என்பது என் கட்சி. அங்கே பள்ளி, அலுவலகம் எல்லாம் கடிகாரத்தோடு சேர்ந்து நகர்கின்றன, அவர்கள் நாள் முழுவதுமே ஒரு மணி நேரம் தள்ளிப்போகிறது. நம் பக்கம் நகர்வது அந்த ஒரு மீட்டிங் மட்டும்தான். ஆனால் குளிர்காலத்தில் நமக்கு இரவு 9:30 தாண்டுகிறது என்றால் இந்த வாதம் செல்லாது. அப்போது சென்னையைச் சொந்த ஊராக்கிவிட்டு அவர்களை ஒரு மணி நேரம் முன்னால் எழச் சொல்லுங்கள்.

டைம் சோனை மாற்றும்போது, ‘இதுவும் இனி வருபவையும்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரே ஒரு வாரத்தைப் பிடித்து இழுத்து நகர்த்தினால் அது தொடரிலிருந்து தனியாகப் பிரிந்து, பிறகு யார் என்ன மாற்றினாலும் அந்த வாரம் மட்டும் ஏமாற்றும்.

இதே ஒரு மணி நேரப் பிசகுக்கு இன்னும் இரண்டு வேர்கள் உண்டு. ஒன்று, ஒரே நாட்டுக்குள்ளேயே மாறாத ஊர்கள். அமெரிக்காவில் அரிசோனாவின் பெரும்பகுதியும் ஹவாயும் கடிகாரத்தைத் தொடுவதில்லை. ஆஸ்திரேலியாவில் சிட்னியும் மெல்போர்னும் மாறும், பிரிஸ்பேனும் பெர்த்தும் மாறாது. ‘ஆஸ்திரேலியா டீம்’ என்று ஒரே நேரத்தை எழுதிவிட்டால் டிசம்பரில் சிட்னிக்காரர் ஒரு நேரத்துக்கும் பிரிஸ்பேன்காரர் இன்னொரு நேரத்துக்கும் வருவார்கள். இரண்டாவது, விண்டோஸ் பட்டியலில் லண்டனுக்குப் பதிலாக யூ.டி.சி. (UTC) என்ற உலகப் பொது நேரத்தையோ ‘மொன்ரோவியா, ரெய்க்யவிக்’ வரியையோ தேர்ந்தெடுத்திருப்பது. குளிர்காலம் முழுக்க எல்லாம் சரியாக ஓடும். மார்ச் கடைசியில் குட்டு வெளிப்படும், ஏனென்றால் அந்த இரண்டும் கோடையில் நகராதவை. ‘டப்ளின், எடின்பரோ, லிஸ்பன், லண்டன்’ என்ற வரிதான் வேண்டும்.

இரண்டு மணி நேரம் தவறுகிறது

நடுவில் ஆஸ்திரேலியா இருக்கிறது. அங்கே பருவம் தலைகீழ். நாம் சொல்கிற குளிர்காலத்தில் அவர்களுக்குக் கோடை. அக்டோபர் முதல் ஞாயிறு முன்னே தள்ளி, ஏப்ரல் முதல் ஞாயிறு திருப்புவார்கள். லண்டன் ஒரு பக்கம் நகர்ந்தால் சிட்னி மறுபக்கம் நகரும். லண்டன் காலை 8 மணி மீட்டிங், ஜூனில் சென்னைக்கு 12:30, சிட்னிக்கு மாலை 5. டிசம்பரில் அதே மீட்டிங் சென்னைக்கு 1:30, சிட்னிக்கு இரவு 7. ஜூனில் ‘அஞ்சு மணிதானே, வருகிறேன்’ என்று சொன்ன சிட்னிக்காரர் டிசம்பரில் முணுமுணுத்தால் அதில் நியாயம் இருக்கிறது. இந்தக் கூட்டணிக்கு வருஷம் முழுக்க ஒரே நேரம் என்ற ஆசையை விட்டுவிட்டு, ஏப்ரலில் ஒருமுறை, அக்டோபரில் ஒருமுறை புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

அரை மணி நேரம் தவறுகிறது

யாரோ மனக்கணக்குப் போட்டிருக்கிறார். லண்டனின் கிரீன்விச் நேரத்திலிருந்து உலகின் பெரும்பாலான ஊர்கள் முழு மணிக் கணக்கில் இருக்கின்றன, நாம் ஐந்தரையில் இருக்கிறோம். ‘இந்தியா பத்து மணி நேரம் முன்னால்’ என்று நியூயார்க்காரர் மனதில் வைத்திருப்பார். உண்மையில் அது ஒருபோதும் பத்து இல்லை, ஒன்பதரை அல்லது பத்தரை. இந்த அரை மணி, நாட்டின் நடுவாக்கில் மிர்சாபூர் பக்கம் போகிற 82.5 டிகிரி தீர்க்கரேகையைக் கணக்கில் எடுத்ததால் வந்தது. 1906இல் இந்திய நேரம் வருவதற்கு முன் இங்கே ரயில்கள் ஓடியது மதராஸ் நேரத்தில். அது கிரீன்விச்சிலிருந்து சுமார் ஐந்து மணி இருபத்தொரு நிமிஷம். அதோடு ஒப்பிட்டால் ஐந்தரை எவ்வளவோ மேல்.

நேபாளம் ஐந்தே முக்கால். அடிலெய்டும் அரை மணிக் கணக்கில் இருப்பதால் நமக்கும் அதற்கும் வித்தியாசம் சரியாக நான்கு மணி நேரம், அவர்கள் கோடையில் ஐந்து. அடிலெய்டோடு வேலை செய்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

லண்டனுக்கு ஒரு பழைய வித்தை இருக்கிறது. முள் வைத்த கைக்கடிகாரத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், ஏறக்குறைய கிரீன்விச் நேரம் தெரியும். ஐந்தரை மணி நேர வித்தியாசத்துக்கு முட்கள் அப்படிப் பொருந்துகின்றன. ஆனால் லண்டன் குளிர்கால நேரத்தில் இருக்கும்போது மட்டும்தான் பலிக்கும். கோடையில் வித்தியாசம் நாலரை ஆகிவிடும், வித்தை ஒரு மணி நேரம் பொய் சொல்லும்.

ஐந்தரை மணி நேரம் தவறுகிறது

இது மனிதர் செய்ததல்ல, எந்திரம் செய்தது. ஏதோ ஒரு மென்பொருள் யூ.டி.சி. நேரத்தை எடுத்து, நம் ஊர் நேரம் என்று காட்டியிருக்கிறது. வெபினார் பதிவு மெயில்கள், தானாக வரும் நினைவூட்டல்கள், ஒரு கேலண்டரிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்றிய கோப்புகள் இவற்றில்தான் வரும். மெயிலில் மதியம் 1 மணி என்று இருந்து, நிகழ்ச்சி மாலை 6:30க்குத் தொடங்கினால் இதுதான் விஷயம். மெயிலில் உள்ள எண்ணோடு ஐந்தரையைக் கூட்டிப் பாருங்கள், பொருந்தினால் அனுப்பியவருக்கு ஒரு வரி எழுதுங்கள். உங்கள் செட்டிங்ஸில் கை வைக்காதீர்கள், அங்கே ஒன்றும் கெடவில்லை.

ஒன்பதரை, பத்தரை, பன்னிரண்டரை, பதின்மூன்றரை என்று தவறினால் கருவியின் ஊர் தப்பு. வெளிநாட்டு அலுவலகம் அனுப்பிய லேப்டாப் அந்த ஊர் நேரத்திலேயே இருக்கலாம். அல்லது போன வருஷம் அமெரிக்கா போய் வந்தபோது கேலண்டர் கேட்ட கேள்விக்கு ‘சரி’ என்று தட்டியது அப்படியே நிற்கலாம். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போன் கடிகாரம் சரியாக இருப்பதால் கேலண்டரும் சரியாக இருக்கும் என்று அர்த்தமில்லை. கூகுள் கேலண்டருக்குத் தனி டைம் சோன் இருக்கிறது. ஐபோன் கேலண்டரில் ‘டைம் சோன் ஓவர்ரைட்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதை ஒருமுறை போட்டுவிட்டால் எந்த ஊர் போனாலும் பழைய ஊர் நேரத்தையே காட்டும். விண்டோஸில் ‘சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூ டெல்லி’ என்ற வரிதான் நம்முடையது. இலங்கைக்கு ‘ஸ்ரீ ஜெயவர்த்தனபுர’ என்று தனி வரி.

சரியாக ஒரு நாள் தவறுகிறது

கலிஃபோர்னியாவோடு பேசுகிறவர்களுக்குத்தான் இது அதிகம். அங்கே திங்கள் இரவு 8 மணி என்பது கோடையில் நமக்குச் செவ்வாய் காலை 8:30. ‘திங்கள் ராத்திரி பேசலாம்’ என்று அவர் சொல்ல, நாம் திங்கள் இரவு உட்கார்ந்திருப்போம். நம் திங்கள் காலை அவர்களுக்கு ஞாயிறு இரவு. அதனால் திங்கள் காலை ஒன்பது மணிக்கு ‘வாரத்தைத் தொடங்கலாம்’ என்று மீட்டிங் போட்டால் அவர்களுடைய ஞாயிறைக் கெடுக்கிறோம். நம் சனிக்கிழமை காலையில் அவர்கள் மீட்டிங் போடுவதும் இதே கணக்குதான், அவர்களுக்கு அது வெள்ளி மாலை.

கல்யாண வீட்டிலும் இது நடக்கும். முகூர்த்தம் ஞாயிறு காலை 6 மணி, யூடியூப் லைவ் லிங்க் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. டொரான்டோவில் இருக்கிற சித்தி ஞாயிறு காலை எழுந்து பார்த்தால் பந்தியே முடிந்திருக்கும். கோடையில் அவருக்கு அது சனி இரவு 8:30. லிங்க்கோடு ‘டொரான்டோ: சனி இரவு 8:30, லண்டன்: ஞாயிறு அதிகாலை 1:30, சிங்கப்பூர்: ஞாயிறு காலை 8:30’ என்று ஊர்வாரியாக எழுதி அனுப்புங்கள். அழைப்பிதழில் இடமில்லை என்றால் வாட்ஸ்அப்பில்.

நள்ளிரவு பன்னிரண்டும் இதே வகைதான். ‘வெள்ளி 12 மணி’ என்றால் வியாழன் முடிகிற பன்னிரண்டா, வெள்ளி முடிகிற பன்னிரண்டா, நண்பகலா? 11:55 அல்லது 12:05 என்று எழுதிவிட்டால் இந்தச் சண்டை இல்லை.

தேதியை வெறும் எண்ணாக எழுதினால் இன்னொரு வம்பு. 04/05/2026 நமக்கு மே 4, அமெரிக்கருக்கு ஏப்ரல் 5. கிழமையையும் சேர்த்து எழுதினால் தப்பு தானாகப் பிடிபடும். மே 4 திங்கள், ஏப்ரல் 5 ஞாயிறு. திங்கள் என்று பார்த்ததும் அமெரிக்கருக்குப் புரிந்துவிடும். கிழமை எழுதாத மீட்டிங் மெயிலை நான் நம்புவதில்லை.

வளைகுடாவில் கிழமையே வேறு மாதிரி. சவுதியில் வெள்ளி, சனி விடுமுறை, ஞாயிறு வேலை நாள். ஐக்கிய அரபு எமிரேட்ஸ் 2022 ஜனவரியிலிருந்து அரசு அலுவலகங்களுக்குச் சனி, ஞாயிறு விடுமுறை, வெள்ளி அரை நாள் என்று மாற்றிக்கொண்டது. துபாய்க்குச் சரிப்பட்ட கால் ரியாத்துக்குச் சரிப்படும் என்று நினைக்க வேண்டாம்.

எல்லோரும் ‘சரியான’ நேரத்துக்கு வந்தும் சந்திக்கவில்லை

சுருக்கெழுத்தைப் பாருங்கள். ஐ.எஸ்.டி. என்றால் நமக்கு இந்திய நேரம். இஸ்ரேலுக்கும் அயர்லாந்துக்கும் அவரவர் ஐ.எஸ்.டி. உண்டு. சி.எஸ்.டி. சிகாகோவாகவும் இருக்கலாம், சீனாவாகவும் இருக்கலாம். பி.எஸ்.டி. (BST) என்பது பிரிட்டனின் கோடை நேரம், வங்கதேசத்தின் நேரமும் அதே எழுத்துதான்.

இவற்றை விடப் பெரிய வில்லன் இ.எஸ்.டி. கண்டிப்பாகப் பார்த்தால் அது நியூயார்க்கின் குளிர்கால நேரம் மட்டுமே. கோடையில் அவர்கள் இருப்பது இ.டி.டி. ஆனால் அங்கேயே பலர் வருஷம் முழுக்க இ.எஸ்.டி. என்றுதான் எழுதுகிறார்கள். ஜூலையில் ‘காலை 9 இ.எஸ்.டி.’ என்று வந்தால் எழுத்துக்கு எழுத்து நம்புகிற கன்வெர்ட்டர் சென்னை 7:30 என்று சொல்லும். எழுதியவர் நினைத்தது 6:30. லண்டன்காரர் கோடையில் ‘ஜி.எம்.டி.’ (கிரீன்விச் நேரம்) என்று எழுதினாலும் இதே கதை.

மருந்து சுலபம். ஊர்ப் பெயரை எழுதுங்கள். ‘நியூயார்க் காலை 9, சென்னை மாலை 6:30, செவ்வாய், மே 5’ என்று இரண்டு ஊரையும் போடுங்கள். ஒன்று தப்பென்றாலும் இரண்டும் ஒத்துப்போகாதது படிக்கிறவர் கண்ணில் படும்.

நேரமெல்லாம் சரி, ஆனால் யாராவது ஒருவர் எப்போதும் வருவதில்லை

இது கடிகாரக் கோளாறு இல்லை. அவருக்கு மட்டும் எப்போதும் இரவு பத்து மணி விழுகிறதா என்று பாருங்கள்.

சென்னை, லண்டன், நியூயார்க் மூன்றுக்கும் பொதுவான நல்ல நேரம் இருக்கிறது: கோடையில் நமக்கு மாலை 5:30 முதல் 8:30 வரை, குளிர்காலத்தில் 6:30 முதல் 9:30 வரை. சான்பிரான்சிஸ்கோவைச் சேர்த்தால் அவர்கள் காலை 8 மணியே நமக்கு இரவு 8:30, குளிர்காலத்தில் 9:30. சிட்னியையும் சேர்த்தால் நல்ல நேரம் என்று ஒன்று கிடையாது. தேடிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு மீட்டிங்கை இரண்டாக உடையுங்கள். காலையில் சிட்னி, சென்னை. மாலையில் சென்னை, லண்டன், அமெரிக்கா. நடுவில் சென்னை ஆள் ஒருவர் செய்தியைக் கொண்டுபோவார். அந்த வேலைக்கு அவருக்கு நேரம் ஒதுக்கவேண்டும், அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சென்னையும் கலிஃபோர்னியாவும் மட்டும் என்றால் மாற்றி மாற்றிப் போடலாம். ஒரு வாரம் நம் காலை 8:30, மறு வாரம் நம் இரவு 8:30. இதை நாம்தான் வாய்விட்டுக் கேட்கவேண்டும். இரவு மீட்டிங் போட்டால் ‘பரவாயில்லை’ என்று சொல்வது நம் ஆட்களுக்குப் பழகிப்போன பதில். அந்தப் பக்கம் இருப்பவர் அதை அப்படியே நம்பிவிடுவார்.

அம்மாவுக்கு நடுராத்திரியில் போன் அடிக்கிறது

குடும்பத்தில் கேலண்டர் இன்வைட் யாரும் அனுப்புவதில்லை. அதனால் இங்கே விதி தலைகீழ்: கடிகாரம் மாறாத ஊரில், வயதானவர் இருக்கிற வீடுதான் சொந்த ஊர். ‘அம்மாவுக்கு ஞாயிறு மாலை 7’ என்று ஒரே ஒரு நேரத்தை எல்லோரும் வைத்துக்கொள்ளுங்கள். டொரான்டோ மகனுக்கு அது கோடையில் காலை 9:30, குளிர்காலத்தில் 8:30. லண்டன் மகளுக்கு மதியம் 2:30 அல்லது 1:30. மார்ச்சிலும், அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கத்திலும் பிள்ளைகள்தான் மாறிக்கொள்ளவேண்டும், அம்மாவுக்கு எதையும் விளக்கவேண்டியதில்லை. சிட்னியில் ஒருவர் இருந்தால் அவருக்கு நள்ளிரவை ஒட்டி வரும், அவர் காலையில் தனியாகப் பேசுவதே நல்லது. போனில் உலகக் கடிகாரத்தில் அம்மாவின் ஊரைச் சேர்த்து, கூப்பிடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஒரே ஒருவருடைய பழைய போனில் மட்டும் தவறுகிறது

எந்த ஊர் எப்போது மாறுகிறது என்ற விவரம் ஒரு பொதுத் தரவுத்தொகுப்பாக இருக்கிறது, சிஸ்டம் அப்டேட்டோடு போனுக்கு வந்து சேர்கிறது. அப்டேட் நின்றுபோன கருவிக்குப் புதிய சட்டம் தெரியாது. மெக்சிகோவின் பெரும்பகுதி 2022இல் கோடை நேரத்தைக் கைவிட்டது. கஜகஸ்தான் 2024 மார்ச் 1 அன்று நாடு முழுவதையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவந்தது. அல்மாட்டி ஒரு மணி நேரம் பின்னால் வந்து, இப்போது நம்மை விட அரை மணிதான் பின்தங்கியிருக்கிறது. அதற்கு முன் நின்றுபோன போன் பழைய கணக்கையே சொல்லும். அப்டேட் செய்ய முடியாவிட்டால் தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டுக் கடிகாரத்தைக் கையால் மாற்றாதீர்கள். மணி சரியாகத் தெரியும், கேலண்டரில் உள்ள மீட்டிங்குகள் பழைய தப்பிலேயே நிற்கும். அதே வித்தியாசத்தில் இருக்கிற வேறு ஊரை டைம் சோனாகத் தேர்ந்தெடுங்கள்.

அரசே கடைசி நிமிஷத்தில் குழப்பினால் எந்தக் கருவியும் உதவாது. 2023 மார்ச்சில் லெபனான் அரசு கோடை நேரத்தைத் தள்ளிப்போடுவதாகத் திடீரென்று அறிவித்தது. மாரோனைட் திருச்சபையும் சில டிவி நிலையங்களும் ஏற்கவில்லை. சில நாட்களுக்கு ஒரே நாட்டில் இரண்டு நேரம் ஓடியது, பிறகு அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். அப்படிப்பட்ட வாரத்தில் அந்த ஊர்க்காரரோடு பேசவேண்டுமென்றால், யூ.டி.சி. நேரத்தை எழுதி அனுப்புங்கள். அன்றைக்கே பேசவேண்டுமென்றால் ‘இன்னும் மூன்று மணி நேரத்தில் கூப்பிடுகிறேன்’ என்று எழுதினால் போதும்.